ஒரே தேர்தல்... 26 மாதம்... நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கிய திருச்செங்கோடு வக்கீல்!

கோவை:
காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் ஏறி ஆஸ்பத்திரி வேலையாகப் போகிறவர்கள் நிறைய பேர் உண்டு. அங்கே போய் இறங்கினால் போர்டில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி. சேலம் இரும்பாலை ஊழியர் குடியிருப்புக்குப் பெயர் மோகன் நகர். ஜார்க்கண்ட் மாநிலம் பொகாரோவில் ஒரு ஸ்டேடியத்துக்கும் இவர் பெயர்தான்.

பெயர் எல்லா இடத்திலும் இருக்கு. ஆனா ஆள் யாருன்னு கேட்டா இப்ப உள்ள காலேஜ் பசங்களுக்கு சட்டுனு பதில் வராது. மெடிக்கல் காலேஜுக்கு பெயர் வச்சிருக்காங்க, அதனால பெரிய டாக்டரா இருப்பார்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க.

அவர் டாக்டர் இல்லை. வக்கீல். பார்லிமெண்ட் தேர்தலில் ஜெயித்தது ஒரே ஒரு தடவை. எம்.பி.யாக இருந்தது 26 மாதம் சொச்சம். அந்த 26 மாதத்தில் அவர் செய்த இரண்டு காரியங்களைப் பற்றி நாட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை. அவர் செத்த அதே ராத்திரி, அதே விமானத்தில் கோவை தொகுதியும் தன் எம்.பி.யை இழந்தது. அந்தக் கதை நம்ம ஊரோடு சம்பந்தப்பட்டது.

ஜமீன் வீட்டுப் பிள்ளை

திருச்செங்கோடு என்றால் இப்ப நமக்கு போர்வெல் லாரியும், மலை மேல் இருக்கும் அர்த்தநாரீஸ்வரரும்தான் ஞாபகம் வரும். அந்த திருச்செங்கோடு பக்கத்தில் இருக்கும் ஊர் குமாரமங்கலம். அப்ப சேலம் ஜில்லா, 1997க்கு அப்புறம் நாமக்கல் மாவட்டம். அந்த ஊர் ஜமீன்தார் டாக்டர் ப.சுப்பராயன். இவர் டாக்டர் என்பது வைத்தியம் பார்த்து இல்லை, சட்டம் படித்து வாங்கிய பட்டம்.

சுப்பராயன் சாதாரண ஆள் கிடையாது. 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி. அந்தக் காலத்தில் முதல்-மந்திரியை அப்படித்தான் சொல்வார்கள். கொங்கு வேளாளர் குடும்பத்துக்காரர். கல்யாணம் செய்தது மங்களூர் சீர்திருத்தவாதி குத்மல் ரங்கராவின் மகள் ராதாபாயை. ஜாதி விட்டு ஜாதி கல்யாணம், அதுவும் நூறு வருஷத்துக்கு முன்னாடி! ராதாபாயும் சும்மா இல்லை. 1930ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவர். 1938ல் டெல்லி மேல்சபைக்குத் தேர்வான முதல் பெண்.

இவர்களுக்கு மூன்று மகன், ஒரு மகள். மூத்தவர் பி.பி.குமாரமங்கலம் 1966ல் இந்திய ராணுவத் தளபதி ஆனார். கோபால் பொதுத்துறை நிர்வாகத்தில் பேர் வாங்கியவர். மகள் பார்வதி. கோவைக்காரர்களுக்கு இவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, பார்வதி கிருஷ்ணன் என்றால் பழைய மில் தொழிலாளிகள் இன்னும் மரியாதையாகப் பேசுவார்கள். இன்னொரு பிள்ளைதான் மோகன். 1916 நவம்பர் 1ந் தேதி லண்டனில் பிறந்தார்.

படிப்பும் அங்கேதான். ஈட்டன் பள்ளிக்கூடம், அப்புறம் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி. ஈட்டன் என்றால் இங்கிலாந்து பிரதமர்கள் வரிசையாக படித்து வந்த பள்ளிக்கூடம். கேம்பிரிட்ஜ் மாணவர் பேச்சு மன்றமான யூனியனுக்கு 1938ல் தலைவராகவே வந்துவிட்டார் மோகன். கூடவே பாரிஸ்டர் படிப்பு.

இத்தனை வசதியோடு படிக்கப் போன ஜமீன் வீட்டுப் பையன், திரும்பி வரும்போது கம்யூனிஸ்டாக வந்தார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் படித்த இந்தியப் பிள்ளைகள் பலருக்கு அதே கதைதான். மேற்கு வங்க முதல்-மந்திரியாக 23 வருஷம் இருந்த ஜோதிபாசு, பூபேஷ் குப்தா, நம்ம பார்வதி கிருஷ்ணன், அவர் கணவர் என்.கே.கிருஷ்ணன் எல்லாரும் அந்த செட்டுதான்.

சதி வழக்கு

1939ல் ஊர் திரும்பினார். ஹைகோர்ட்டில் கறுப்பு கவுன் போட்டு காசு பார்க்கலாம், இல்லை ஜமீனைப் பார்த்துக்கொண்டு ஊரில் உட்காரலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. இரண்டாம் உலகப் போர் நேரம். கம்யூனிஸ்டு கட்சி தலைமறைவாக வேலை செய்துகொண்டிருந்தது. மோகனும் அதில் இறங்கினார்.

கொஞ்ச நாளில் போலீஸ் பிடித்தது. சென்னை சதி வழக்கு என்று பெயர். பி.ராமமூர்த்தி, ஆர்.உமாநாத், சி.எஸ்.சுப்பிரமணியம் இவர்களோடு மோகனும் குற்றவாளிக் கூண்டில் நின்றார். வக்கீலாக கோர்ட்டு ஏறுவதற்கு முன்னாடியே கைதியாக ஏறியாச்சு. அப்பா அப்போதுதான் ராஜாஜி மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்து இறங்கியவர் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

இதைவிட பெரிய கூத்து சுதந்திரத்துக்கு அப்புறம் நடந்தது. ஓமந்தூரார் மந்திரிசபையில் சுப்பராயனுக்குக் கிடைத்தது உள்துறை, போலீஸ் இலாகா. கம்யூனிஸ்டுகளை போலீஸ் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. தேடுகிற போலீசுக்கு மந்திரி அப்பா. தேடப்படும் கட்சியில் மகனும் மகளும். வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

அந்தக் குடும்பத்தில் அரசியல் வேற, உறவு வேற என்று வைத்துக்கொண்டதாகத்தான் தெரிகிறது. 1957 தேர்தலைப் பாருங்கள். திருச்செங்கோடு தொகுதியில் காங்கிரஸ் டிக்கெட்டில் ஜெயித்து அப்பா லோக்சபாவுக்குப் போனார். கோவை தொகுதியில் கம்யூனிஸ்டு டிக்கெட்டில் ஜெயித்து மகள் போனார். 1959ல் அப்பா நேரு மந்திரிசபையில் மந்திரி ஆகிவிட்டார். அப்பா ஆளும் வரிசை, மகள் எதிர்வரிசை. கொங்கு நாட்டில் பங்காளிச் சண்டையில் பத்து வருஷம் பேசாமல் இருக்கும் குடும்பம் எத்தனையோ உண்டு. இவர்கள் அந்த ரகம் இல்லை.

மோகன் கல்யாணம் செய்தது கல்யாணி முகர்ஜி என்ற வங்காளப் பெண்ணை. பின்னாளில் மேற்கு வங்க முதல்-மந்திரியாக இருந்த அஜாய் முகர்ஜியின் சொந்தக்காரர்.

வக்கீலாகத் திரும்பினார்

1950க்கு அப்புறம் கட்சி தேர்தல் பாதைக்கு வந்தது. மோகனும் சென்னை ஹைகோர்ட்டில் முழு நேர வக்கீலாக வேலை பார்த்தார். தொழிலாளர் வழக்கு, அரசியல் சட்ட வழக்கு இரண்டிலும் பேர். ஈட்டன் இங்கிலீஷும், கட்சிக் கூட்டத்தில் வாதம் பண்ணிய பழக்கமும் சேர்ந்தால் கோர்ட்டில் கேட்கவா வேணும்.

எழுத்திலும் சும்மா இருக்கவில்லை. 1965ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் தமிழ்நாட்டையே உலுக்கிய வருஷம், இந்தியாவின் மொழிப் பிரச்சினை பற்றி இங்கிலீஷில் ஒரு புத்தகம் போட்டார்.

அதுக்கு முந்தின வருஷம் 1964ல் கம்யூனிஸ்டு கட்சி இரண்டாக உடைந்தது. அந்த சமயத்தில் மோகன் ஒரு நீளமான குறிப்பு எழுதினார். அது பல வருஷம் கழிச்சு 1973ல் புத்தகமாகவும் வந்தது. விஷயம் இதுதான். காங்கிரசை வெளியே நின்று எதிர்த்துக்கொண்டே இருந்தால் இடதுசாரிகளால் ஒன்றும் செய்ய முடியாது. காங்கிரஸ் பின்னாடி நிற்கும் ஜனங்களை இழுக்கணும் என்றால் உள்ளே இருந்து அதை இடது பக்கம் தள்ளணும். டெல்லி பத்திரிகைக்காரர்கள் இதற்கு குமாரமங்கலம் கொள்கை என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சொன்னதோடு நிற்கவில்லை. 1966ல் பக்தவச்சலம் ஆட்சியில் சென்னை மாநில அட்வகேட் ஜெனரல் ஆனார். அதாவது ஒரு காலத்தில் எந்த அரசாங்கம் அவர் மேல் சதி வழக்கு போட்டதோ, அந்த நாற்காலியின் தலைமை வக்கீல்! அதே வருஷம்தான் அண்ணன் ராணுவத் தளபதி ஆனார். கம்யூனிஸ்டு கட்சியை விட்டு காங்கிரசுக்கும் வந்து சேர்ந்தார். மகன் கதர்க் கட்சிக்கு வந்ததைப் பார்க்க அப்பா உயிரோடு இல்லை, 1962லேயே மகாராஷ்டிர கவர்னராக இருந்தபோது காலமாகிவிட்டார்.

பழைய தோழர்களுக்கு இது கசப்புதான். பதவிக்காகப் போனார் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் பதவிதான் குறி என்றால், 1939லேயே அப்பா கையைப் பிடித்து நேராக காங்கிரசுக்குப் போயிருக்கலாமே? ஜெயிலுக்குப் போயிருக்க வேண்டியதே இல்லையே. இது இந்த நிருபரின் கணக்கு.

ஒரே ஒரு தேர்தல்

1969ல் காங்கிரஸ் உடைந்தது. வங்கிகளை நாட்டுடைமை ஆக்கிய இந்திரா காந்தி ஒரு பக்கம், காமராஜர், நிஜலிங்கப்பா மாதிரி மூத்த தலைவர்கள் இன்னொரு பக்கம். இந்திராவுக்கு யோசனை சொல்ல இடதுசாரி மூளை தேவைப்பட்டது. மோகன் அந்த இடத்துக்கு வந்தார். நடுவில் கொஞ்ச காலம் இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தார். அவர் முடிவைத் தெரிந்தவர்களுக்கு இந்த வரியைப் படிக்கும்போது ஒரு மாதிரி இருக்கும்.

1971 மார்ச் தேர்தல். தமிழ்நாட்டில் தி.மு.க.வோடு இந்திரா காங்கிரஸ் கூட்டணி. சட்டசபைக்கு ஒரு சீட்டு கூட நிற்காமல், லோக்சபாவுக்கு மட்டும் கொஞ்சம் சீட்டு வாங்கிக்கொண்டு இந்திரா ஒத்துப்போன தேர்தல் அது. சொந்த ஊர் திருச்செங்கோட்டிலும் இல்லை, சேலத்திலும் இல்லை, ஒரே எம்.பி. தொகுதி உள்ள பாண்டிச்சேரியில் மோகன் நின்றார். ஜெயித்தார். அதே கூட்டணியில் கோவை தொகுதியில் ஜெயித்தவர் இந்திய கம்யூனிஸ்டு கட்சியின் கே.பாலதண்டாயுதம்.

முதல் தடவை எம்.பி. ஆனவருக்கு நேராக கேபினட் அந்தஸ்து. இரும்பு, சுரங்கம் இலாகா. அப்ப அவருக்கு வயசு 54.

கரி பிடித்த கதை

அந்தக் காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் பெரும்பகுதி தனியார் கையில். பீகாரில் ஜாரியா, தன்பாத், வங்காளத்தில் ராணிகஞ்ச் பக்கம் நூற்றுக்கணக்கான முதலாளிகள். நல்ல கரி எங்கே லேசில் கிடைக்குமோ அதை மட்டும் அள்ளிவிட்டு மீதியை அப்படியே மண்ணுக்குள் விட்டுவிடுவார்கள். தீப்பிடித்தால் எரியட்டும், தண்ணி புகுந்தால் புகட்டும். உள்ளே இறங்குகிற கூலிக்காரனுக்கு சம்பள போர்டு சொன்ன கூலியே பல இடத்தில் கிடையாது.

நமக்கும் கரிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கக் கூடாது. கோவை பவுண்டரிகளில் இரும்பு உருக்கும் சூளைக்கு வேண்டிய கோக், அந்தப் பக்கத்துக் கரியில் செய்வது. பம்பு செட்டும் மோட்டாரும் செய்கிற ஊருக்கு அது சோறு மாதிரி. பிற்பாடு வந்த மேட்டூர் அனல்மின் நிலையம் ஓடுவதும் வடக்கே இருந்து ரெயிலில் வரும் நிலக்கரியில்தான்.

மோகன் இரண்டு கட்டமாக அடித்தார். முதலில் இரும்பு ஆலைக்குத் தேவையான கோக் ரக நிலக்கரி. 1971 அக்டோபரில் அவசரச் சட்டம் போட்டு நிர்வாகத்தை அரசு எடுத்தது. 1972 மே 1ந் தேதி 214 சுரங்கமும், 12 கோக் சூளை ஆலையும் நாட்டுடைமை. அடுத்து மீதி நிலக்கரி. 1973 ஜனவரி கடைசியில் திரும்பவும் அவசரச் சட்டம். பார்லிமெண்டில் மசோதா, விவாதம் என்று முன்கூட்டி சொல்லிவிட்டு செய்தால் மெஷினையும் கணக்குப் புத்தகத்தையும் கடத்திவிடுவார்கள் என்பதால்தான் இந்த வேகம். 1973 மே 1ந் தேதி 711 சுரங்கம் அரசுடைமை. இரண்டு தடவையும் தேதி மே தினம் என்பதைக் கவனிக்கணும். கட்சியை விட்டு வந்தாலும் காலண்டரை விட்டு வரவில்லை.

டாடா மாதிரி சொந்த இரும்பு ஆலைக்காக சுரங்கம் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. ஏன் அவர்களுக்கு மட்டும் என்று அப்பவே கேள்வி வந்தது.

இரும்புத் துறையிலும் சும்மா இல்லை. 1972ல் வங்காளத்தில் இந்தியன் அயர்ன் கம்பெனி நிர்வாகத்தை அரசு எடுத்தது. 1973 ஜனவரியில் செயில் நிறுவனம் பிறந்தது. சேலத்தில் இரும்பாலை வரணும் என்று கொங்கு மண்டலம் பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்த கோரிக்கை. 1970ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1972ல் அதற்கென்று தனி கம்பெனி உருவானபோது இலாகா மோகன் கையில். ஆலையில் உற்பத்தி தொடங்கியது என்னவோ 1980களில்தான்.

நாட்டுடைமை ஆனதால் எல்லாம் நல்லா நடந்ததா? அப்படிச் சொன்னால் அது பொய். சம்பளம் கூடியது, வேலை நிரந்தரம் ஆனது, அது உண்மை. ஆனா தன்பாத்தில் முதலாளி போன இடத்தில் மாபியா வந்து உட்கார்ந்தது. 1993க்கு அப்புறம் கம்பெனிகளுக்கு சுரங்கம் ஒதுக்குகிறோம் என்று பின்வாசலைத் திறந்தார்கள். அது நிலக்கரி ஊழல் வழக்காகி, 2014ல் சுப்ரீம் கோர்ட்டு இருநூறுக்கும் மேற்பட்ட ஒதுக்கீட்டை ஒரேயடியாக ரத்து செய்தது. மோகன் கொண்டுவந்த 1973 சட்டத்தையே 2018ல் புத்தகத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். 2020ல் தனியாருக்கு ஏலம் விட ஆரம்பித்தாச்சு. இருந்தாலும் நாட்டில் அதிகம் வெட்டுவது இன்னும் அரசு கம்பெனியான கோல் இந்தியாதான். 1973ல் சுமார் 8 கோடி டன்னாக இருந்த நாட்டின் உற்பத்தி 2024-25ல் 100 கோடி டன்னைத் தாண்டியது.

நீதிபதிகள் விவகாரம்

கரி விஷயத்தில் அவரை பாராட்டுகிறவர்கள்கூட இந்த விஷயத்தில் தலையை ஆட்டுவார்கள்.

அரசு எதைச் செய்தாலும் சொத்துரிமை என்று சொல்லி கோர்ட்டு தடுக்கிறது என்பது இந்திரா அரசின் குறை. வங்கி நாட்டுடைமை, மன்னர் மானிய ஒழிப்பு இரண்டிலும் சுப்ரீம் கோர்ட்டில் அடி வாங்கியிருந்தார்கள். அதனால் 1971ல் அரசியல் சட்டத்துக்கு 24வது, 25வது திருத்தம் கொண்டு வந்தார்கள். இதற்குப் பின்னால் இருந்த முக்கியமான மூளைகளில் மோகன் ஒருவர்.

அதை எதிர்த்த வழக்குதான் சட்டம் படிக்கிற பசங்க இன்னும் மனப்பாடம் பண்ணுகிற கேசவானந்த பாரதி வழக்கு. 13 நீதிபதிகள் உட்கார்ந்து, 1973 ஏப்ரல் 24ந் தேதி 7க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பு சொன்னார்கள். பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தலாம், ஆனா அதன் அடிப்படைக் கட்டமைப்பில் கை வைக்கக் கூடாது.

தீர்ப்பு வந்த இரண்டே நாளில் அடுத்த தலைமை நீதிபதி யார் என்ற அறிவிப்பு. வரிசைப்படி ஷெலட், ஹெக்டே, குரோவர் என்று மூன்று பேர் முன்னால் நிற்க, அவர்களைத் தாண்டி நாலாவதாக இருந்த ஏ.என்.ரேயைப் போட்டார்கள். தாண்டப்பட்ட மூன்று பேரும் அரசுக்கு எதிரான தீர்ப்பில் இருந்தவர்கள். ரே அரசுக்கு ஆதரவு பக்கம். மூன்று பேரும் ராஜினாமா. நாடு முழுக்க வக்கீல்கள் கொதித்துப் போனார்கள்.

பார்லிமெண்டில் பதில் சொல்ல சட்ட மந்திரி கோகலே இருந்தார். ஆனாலும் மே 2ந் தேதி லோக்சபாவில் அரசுக்காக அடித்துப் பேசியது இரும்பு மந்திரி மோகன் குமாரமங்கலம். சீனியாரிட்டி என்பது எங்கேயும் சட்டத்தில் எழுதி வைக்கவில்லை, 1958ல் சட்டக் கமிஷனே சீனியாரிட்டியை மட்டும் பார்க்க வேண்டாம் என்று சொன்னது என்பது அவர் வாதம். அது வரைக்கும் சரிதான். அதுக்கு மேல ஒரு படி போனார். நீதிபதியின் சமூகப் பார்வை என்ன, நாடு போகிற திசை அவருக்குப் புரிகிறதா என்று பார்த்துத் தேர்வு செய்ய அரசுக்கு உரிமை உண்டு என்றார்.

இங்கேதான் இடிக்கிறது. அரசாங்கத்துக்குப் பிடிக்காத கொள்கை வைத்திருந்ததற்காக சிறைக்குப் போனவர் அவர். கோர்ட்டில் சாமானியன் பக்கம் நின்று அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றவர். அப்பேர்ப்பட்டவரே, நீதிபதியின் மனசை அரசாங்கம் எடைபோடலாம் என்று வாதாடினார். தன்னோட அரசாங்கம் ஏழைக்காக வேலை செய்கிறது என்று அவர் நம்பினார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதே நாற்காலியில் நாளைக்கு வேற ஆள் வேற நோக்கத்தோடு உட்காருவார் என்று ஒரு வக்கீலுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

இரண்டே வருஷத்தில் எமர்ஜென்சி வந்தது. 1977 ஜனவரியில், ஆட்கொணர்வு வழக்கில் அரசுக்கு எதிராக தனியாகத் தீர்ப்பு எழுதிய எச்.ஆர்.கன்னாவைத் தாண்டி வேறொருவரை தலைமை நீதிபதி ஆக்கினார்கள். 1993ல் சுப்ரீம் கோர்ட்டு தானே கொலிஜியம் என்ற முறையைக் கொண்டுவந்து, நியமன அதிகாரத்தை தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அந்த இழுபறி இன்று வரைக்கும் நடக்கிறது. எமர்ஜென்சியில் மோகன் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று சொல்ல ஆளில்லை. ஏன்னா அந்தப் பேச்சு பேசி சரியாக 29 நாளில் அவர் இல்லை.

மே 31 ராத்திரி

1973 மே 31. சென்னையில் இருந்து டெல்லிக்குப் போன இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737 விமானம். ராத்திரி நேரம், டெல்லியில் புழுதிக் காற்று, மோசமான வானிலை. பாலம் விமான நிலையத்தில் இறங்க கீழே வந்த விமானம் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு விழுந்து தீப்பிடித்தது. ஓடுபாதைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி.

விமானத்தில் இருந்தவர்கள் 65 பேர். 48 பேர் பலி, 17 பேர் உயிர் தப்பினார்கள். செத்தவர்களில் மத்திய மந்திரி மோகன் குமாரமங்கலம். பஞ்சாப் முன்னாள் முதல்-மந்திரி குர்னாம் சிங். கோவை எம்.பி. பாலதண்டாயுதம்.

ஒரு காலத்தில் மோகனும் பாலதண்டாயுதமும் ஒரே கட்சி. ஒருவர் கட்சியை விட்டு மந்திரி ஆனார், இன்னொருவர் கட்சியிலேயே இருந்து நம்ம ஊர் எம்.பி. ஆனார். பாதை பிரிந்த இரண்டு பேருக்கும் முடிவு ஒரே இடத்தில். மோகனுக்கு அப்ப 56 வயசு. மே தினத்தில் எடுத்துக்கொண்ட 711 சுரங்கத்தை நடத்திப் பார்க்க அவருக்குக் கிடைத்தது ஒரு மாசம்.

அந்த ராத்திரி கோவையில் ஒரு கட்சி ஆபீசே இடிந்து போனது என்றால், பார்வதி கிருஷ்ணனுக்கு இரட்டை இடி. ஒரு பக்கம் கூடப் பிறந்த அண்ணன். இன்னொரு பக்கம் கூட வேலை பார்த்த தோழர்.

தோழர் விட்டுப் போன தொகுதிக்கு 1974 பிப்ரவரியில் இடைத்தேர்தல் வந்தது. இந்திய கம்யூனிஸ்டு கட்சி நிறுத்தியது பார்வதி கிருஷ்ணனை. அப்போதுதான் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க. ஆரம்பித்து, 1973ல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் முதல் வெற்றி கண்டிருந்தார். அவர் கட்சி பார்வதிக்கு ஆதரவு. ஆளும் தி.மு.க.வை எதிர்த்து ஜெயித்தார். கூடவே நடந்த கோவை மேற்கு சட்டசபை இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வின் அரங்கநாயகம் ஜெயித்தார். அண்ணனையும் தோழரையும் விழுங்கிய அந்த விமான விபத்தால் காலியான நாற்காலியில்தான் தங்கை போய் உட்கார்ந்தார். 1977லும் அதே தொகுதியில் திரும்ப ஜெயித்தார்.

மகனும் வக்கீல்தான்

மோகனின் மகன் ரங்கராஜன் குமாரமங்கலமும் வக்கீல். அப்பா நிற்காத சேலத்தில் 1984, 1989, 1991 என்று மூன்று தடவை காங்கிரசில் ஜெயித்தார். நரசிம்மராவ் ஆட்சியில் ராஜாங்க மந்திரி. அப்புறம் பா.ஜனதாவுக்குப் போய், திருச்சியில் 1998, 1999 இரண்டு தேர்தலில் ஜெயித்து வாஜ்பாய் மந்திரிசபையில் மின்சார மந்திரி. அப்பா கம்யூனிஸ்டில் இருந்து காங்கிரஸ், பிள்ளை காங்கிரசில் இருந்து பா.ஜனதா. தாத்தா, அப்பா, பிள்ளை மூன்று தலைமுறையும் மத்திய மந்திரி. ரங்கராஜன் 2000 ஆகஸ்டில் இறந்தபோது வயசு 48தான். அப்பாவைவிட குறைவு. அவர் தங்கை லலிதா பா.ஜனதாவில் இருந்து, 2014ல் தேசிய மகளிர் ஆணையத் தலைவி ஆனார்.

மோகன் பெயரில் சேலம் மருத்துவக் கல்லூரி வந்தது 1986ல். இரும்பாலையை தனியாருக்கு விற்க 2019ல் மத்திய அரசு விருப்பம் கேட்டு அறிவிப்பு விட்டபோது, மோகன் நகர் குடியிருப்புக்காரர்கள் குடும்பத்தோடு ரோட்டுக்கு வந்தார்கள்.

பார்வதி கிருஷ்ணன் கடைசி வரை கோவையிலேயே இருந்தார். மில் தொழிலாளி, நீலகிரி தேயிலைத் தோட்டத் தொழிலாளி என்று சங்க வேலையிலேயே வயசு போனது. 2014 பிப்ரவரி 20ந் தேதி, 94வது வயசில் இதே ஊரில் காலமானார்.